சட்டப்படியே தோற்ற கட்சி

ஒரு குடியரசின் அந்திமக் காலம் – 11

1932 ஜூலை 20, புதன்கிழமை. காலை பத்து மணிக்கு பிரஷ்ய மாநில அமைச்சர்கள் மூன்று பேரைப் பெர்லின் சான்சலர் மாளிகைக்கு வரவழைத்தார் பாப்பென். சென்ற வாரம் பார்த்தோமே, குதிரைச் சவாரியும் பிரபுக்கள் கிளப்புமாக இருந்தவர் திடீரென்று ஜெர்மனியின் சான்சலர் ஆனார் என்று, அவரேதான். பதவிக்கு வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. வந்தவர்களுக்கு ஓர் ஆணையைப் படித்துக் காட்டினார். பிரஷ்யாவில் சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டதாம். ஆகவே குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க், அரசியல் சாசனத்தின் 48-ஆம் பிரிவின்படி, மாநிலத்தின் பொறுப்பைச் சான்சலரிடமே ஒப்படைக்கிறார். முதலமைச்சர் ஓட்டோ பிரவுனுக்கும் உள்துறை அமைச்சர் கார்ல் சேவெரிங்குக்கும் பதவி போயிற்று.

ஆணைக்குச் சாக்காகக் காட்டப்பட்டது மூன்று நாளுக்கு முன் நடந்த அல்டோனா கலவரம். தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் நாஜிகளின் பழுப்புச் சட்டைப் படை ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனது. துப்பாக்கிச் சூட்டில் 18 பேர் செத்தார்கள். அந்தப் படைமீது இருந்த தடையை ஜூன் மாதம் நீக்கியதே பாப்பென்தான். இன்னொன்றும் உண்டு. பிரஷ்ய அரசை நீக்கும் ஆணையில் ஹிண்டன்பர்க் கையெழுத்துப் போட்டது ஜூலை 14. கலவரம் நடந்ததோ 17. காரணம் பிறப்பதற்கு முன்பே காரியத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

பலவந்தம் செய்தால் ஒழியத் தன் நாற்காலியை விட்டு நகரப் போவதில்லை என்று சேவெரிங் அங்கேயே சொன்னார். அந்தச் சொல் பிற்பகலுக்குள் நகரம் முழுக்கப் பரவியது. தொழிற்சங்கக் கட்டடங்களிலும் சேவெரிங்கின் சமூக ஜனநாயகக் கட்சி அலுவலகங்களிலும் இளைஞர்கள் கூடினார்கள். மேலிடத்தின் உத்தரவு எப்போது வரும் என்பதுதான் அன்று அவர்களிடையே ஒரே பேச்சு.

இரவு பலவந்தம் வந்தது. சேவெரிங்கின் அறைக்குள் நுழைந்தவர்கள், எஸ்ஸன் நகரின் மேயராக இருந்து மாநிலப் பொறுப்புக்கு நியமிக்கப்பட்ட ஃபிரான்ஸ் பிராஹ்ட், பெர்லினுக்குப் புதிதாக வந்த போலீஸ் தலைவர், கூடவே இரண்டு போலீஸ் அதிகாரிகள். அவ்வளவுதான். சேவெரிங் தன் எதிர்ப்பைச் சொல்லிவிட்டு எழுந்தார். அமைச்சரின் வீடு அந்தக் கட்டடத்திலேயே அடுத்த கதவு. அதற்குள் போய்விட்டார்.

போலீஸ் தலைமையகத்தில் நடந்தது இதைவிட மோசம். பெர்லின் போலீஸ் தலைவர் கிரெஸின்ஸ்கி, துணைத் தலைவர் பெர்ன்ஹார்ட் வைஸ், சீருடைப் படையின் தளபதி ஹைமன்ஸ்பெர்க் மூவரையும் ராணுவம் கைது செய்து கொண்டுபோனது. யூதர் என்பதற்காகவே வைஸைக் கோயபல்ஸ் ஆண்டுக்கணக்கில் தன் பத்திரிகையில் கேலிச்சித்திரம் போட்டு அவமானப்படுத்திவந்தது தனிக் கதை. மூவரும் போகும்போது முற்றத்தில் நின்ற போலீஸ்காரர்கள், குடியரசுக் கட்சிகளின் முழக்கமான ‘விடுதலை’யை உரக்கக் கூவினார்கள். மூவரும் இனிப் பதவிப் பணி எதையும் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள், அன்றே விடுவிக்கப்பட்டார்கள்.

ஜெர்மனியின் நிலப்பரப்பிலும் மக்கள்தொகையிலும் ஐந்தில் மூன்று பங்கு பிரஷ்யா. அதன் போலீஸ் படை ஏறத்தாழ 90,000 பேர். வெர்சாய் ஒப்பந்தத்தின்படி நாட்டின் ராணுவத்துக்கே ஒரு லட்சம் பேருக்குமேல் அனுமதி இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். 1920 முதல், சிறு இடைவெளிகள் போக, பன்னிரண்டு ஆண்டுகள் சமூக ஜனநாயகக் கட்சிதான் அங்கே ஆண்டது. குடியரசின் கோட்டை என்று பிரஷ்யாவைச் சொல்வார்கள். அந்தக் கோட்டை ஒரே நாளில், ஒரு தோட்டாகூட வெடிக்காமல், கைமாறியது.

இதே கட்சிதான் 1920 மார்ச்சில் வேறு மாதிரி நடந்துகொண்டது. வலதுசாரித் தளபதிகள் காப் என்பவரை முன்னே நிறுத்திப் பெர்லினைப் பிடித்தபோது, அரசு நகரை விட்டு ஓடியது. ஆனால் ஓடும்போதே பொது வேலைநிறுத்த அழைப்பு வெளியாகிவிட்டது. ரயில் நின்றது, மின்சாரம் நின்றது, குழாயில் தண்ணீர் வரவில்லை. 13-ஆம் தேதி வந்த காப் 17-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். அந்த நான்கு நாளைத் தாத்தாக்கள் பேரன்களிடம் சொல்லும் கதையாகத் தொழிலாளர் வீடுகள் வைத்திருந்தன. 1932-இல் தெருவில் காத்து நின்ற இளைஞர்கள் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

பன்னிரண்டு ஆண்டில் என்ன ஆயிற்று? கோழைகள் ஆகிவிட்டார்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சுலபம். அது உண்மையும் இல்லை. பிஸ்மார்க் காலத்தில் பன்னிரண்டு ஆண்டு தடை செய்யப்பட்டிருந்தும் வளர்ந்த கட்சி இது. சிறைக்குப் போகப் பயந்தவர்கள் அதன் தலைமையில் இல்லை. விஷயம் சற்றுச் சிக்கலானது. அதற்கு இரண்டு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

1930 செப்டம்பர் 14 தேர்தலில் நாஜிகளின் இடங்கள் 12-இலிருந்து 107 ஆயின. சமூக ஜனநாயகக் கட்சி 143 இடங்களுடன் இன்னமும் முதல் கட்சி. சான்சலர் ப்ரூனிங்குக்கு நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை கிடையாது. ஹிண்டன்பர்க்கின் அவசர ஆணைகளை வைத்துத்தான் ஆண்டார். அந்த ஆணைகளை நாடாளுமன்றம் நினைத்தால் ரத்து செய்யலாம். ஜூலையில் ஒருமுறை செய்தும் காட்டியது. ஆனால் தேர்தலுக்குப் பிறகு கட்சித் தலைமை ஒரு கணக்குப் போட்டது. ப்ரூனிங்கைக் கவிழ்த்தால் அடுத்து வருவது ஹிட்லராக இருக்கும். அதோடு, ப்ரூனிங்கின் மத்தியக் கட்சிதான் பிரஷ்யாவில் நமக்குக் கூட்டாளி. இங்கே அவரைத் தள்ளினால் அங்கே பிரவுன் ஆட்சி போகும், போலீஸும் போகும். ஆகவே பொறுத்துக்கொள்வோம். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று நம்மூரில் கேட்பார்கள். அவர்கள் ப்ரூனிங்தான் நல்ல கொள்ளி என்று தீர்மானித்தார்கள்.

ஒவ்வொரு தனி முடிவாக எடுத்துப் பார்த்தால் இந்தக் கணக்கில் பிழை சொல்வது கடினம். மொத்தமாகப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. ப்ரூனிங்கின் ஆணைகள் வேலையற்றோர் உதவித்தொகையை வெட்டின, அரசு ஊழியர் சம்பளத்தை வெட்டின. 1931 டிசம்பர் ஆணை கூலியை 1927 ஜனவரி அளவுக்குக் கொண்டுபோனது. ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு அந்த ஆணையை ரத்து செய்யும் தீர்மானம் வரும். தொழிலாளர் கட்சி அதைத் தோற்கடித்துக் கொடுக்கும். நாடாளுமன்றம் 1930-இல் 98 சட்டங்களை இயற்றியது, 1932-இல் ஐந்து. ஆண்டுக்கு 94 நாள் கூடிய சபை 13 நாள் கூடியது. ஜனநாயகத்தைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லித்தான் நாடாளுமன்றத்தைப் பூட்டிவைக்க உதவினார்கள்.

கட்சிக்குள் முணுமுணுப்பு முதலில் வெடித்தது ஒரு கப்பலை வைத்து. 1928 தேர்தலில் கட்சியின் முழக்கமே, போர்க்கப்பல் வேண்டாம், பள்ளிக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடு என்பதுதான். அந்த முழக்கத்தில் ஜெயித்து ஆட்சிக்கு வந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் கட்சியின் அமைச்சர்களே கப்பலுக்குச் சம்மதித்தார்கள். நவம்பரில் சபையில் அதே அமைச்சர்கள், கட்சி உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, தாங்கள் எடுத்த முடிவுக்கு எதிராகவே ஓட்டுப் போட்டார்கள். இதை நான் கற்பனை செய்யவில்லை. 1931 மார்ச்சில் இரண்டாவது கப்பலுக்கு நிதி வந்தபோது ப்ரூனிங்குக்குச் சங்கடம் வரக்கூடாது என்று கட்சி நடுநிலை வகித்தது. ஒன்பது உறுப்பினர்கள் மட்டும் கொறடாவை மீறி எதிர்த்து வாக்களித்தார்கள். அந்த இடதுசாரிக் குழுவின் முன்னணிக்காரர்கள் ஸைடெவிட்ஸும் ரோஸன்ஃபெல்டும் அந்த இலையுதிர் காலத்தில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அக்டோபரில் சோசலிஸ்ட் தொழிலாளர் கட்சி என்று தனியாகத் தொடங்கினார்கள்.

லூபெக் நகரில் ஒரு பதினேழு வயதுப் பையன் அவர்கள் பின்னால் போனான். பெயர் ஹெர்பெர்ட் ஃப்ராம். தாய் கடையில் விற்பனைப் பெண். தாத்தா வீட்டில் வளர்ந்தவன். உள்ளூர்க் கட்சிப் பத்திரிகையின் ஆசிரியர் யூலியுஸ் லேபர் அவனுக்கு எழுத இடம் கொடுத்து ஆளாக்கியவர். போகாதே, பிளவுக் கட்சி உருப்படாது என்று லேபர் எவ்வளவோ சொன்னார். பையன் கேட்கவில்லை. மேற்படிப்புக்குக் கட்சி கைகொடுக்கும் என்ற வாய்ப்பும் அதோடு போயிற்று. லேபர் சொன்னது பலித்தது: 1932 ஜூலைத் தேர்தலில் புதுக் கட்சிக்குக் கிடைத்தது 0.2 சதவீதம். பையனின் கோபமும் நியாயமானதுதான். பின்னாளில் வில்லி பிராண்ட் என்ற பெயரில் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் ஆனவர் அவர்.

கோபம் இடதுசாரிகளுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். லேபரே முதல் உலகப் போரில் பதக்கம் வாங்கிய அதிகாரி. கட்சியின் வலது பக்கத்துக்காரர். கட்சியின் இளையவர்களில் ஒருவரான ஷூமாகர் 1914-இல் போரில் வலக்கையைப் பறிகொடுத்தவர். கார்லோ மீரண்டார்ஃப், தியோடர் ஹௌபாஹ் எல்லாம் போர்முனையிலிருந்து வந்தவர்கள்தான். இவர்கள் யாரும் மார்க்சியச் சூத்திரங்களுக்காக மல்லுக்கு நிற்பவர்கள் இல்லை. ஆனாலும் தலைமையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். இங்கே உண்மையான பிரிவுக்கோடு வயது. தலைமையில் இருந்த பிரவுன், வெல்ஸ், பிரைட்ஷைட், சேவெரிங், ஹில்ஃபர்டிங் எல்லாரும் 1872-க்கும் 1877-க்கும் இடையில் பிறந்தவர்கள். மீரண்டார்ஃபும் ஷூமாகரும் அவர்களைவிட இருபது வயது இளையவர்கள். மூத்தவர்கள் மாநாட்டு மேடையில் பழகியவர்கள். தீர்மானம், திருத்தம், குழு அறிக்கை என்று அரசியல் நகரும் என்று நம்பியவர்கள். இளையவர்கள் தெருவைப் பார்த்தார்கள்.

மீரண்டார்ஃபின் அனுபவம் ஒன்று. 1931 நவம்பரில், ஹெஸ்ஸெ மாநிலத்து நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் செய்ய வேண்டியதை எழுதிவைத்த காகிதங்கள், மனம் மாறிய ஒரு நாஜியின் கையிலிருந்து வெளியே வந்தன. எங்கள் படையை எதிர்ப்பவனைச் சுட வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அவர்கள் கூடிய பண்ணையின் பெயரால் பாக்ஸ்ஹைம் ஆவணங்கள் என்பார்கள். அவற்றை அம்பலப்படுத்தியதில் மீரண்டார்ஃபுக்குப் பெரும் பங்கு. தேசத்துரோக வழக்குக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தலைமை அரசு வழக்கறிஞர் விஷயத்தை ஆறப்போட்டார். ப்ரூனிங் அரசு, அதை ஊதிப் பெரிதாக்க வேண்டாம் என்று பார்த்தது. மறு ஆண்டு வழக்கு கைவிடப்பட்டது. அந்த ப்ரூனிங்கைச் சமூக ஜனநாயகக் கட்சி தொடர்ந்து பொறுத்துக்கொண்டது.

மீரண்டார்ஃபுக்குக் கூட்டாளியாக வாய்த்தவர் ஒரு ரஷ்யர், செர்கெய் சகோட்டின். பாவ்லோவிடம் பணியாற்றிய உயிரியலாளர், அப்போது ஹைடல்பெர்கில் ஆய்வாளர். நாய்க்கு மணியடித்தால் எச்சில் ஊறுவதை ஆராய்ந்தவரின் சீடருக்கு, ஸ்வஸ்திகாவைச் சுவரில் மீண்டும் மீண்டும் பார்க்கிற மனிதனுக்குள் என்ன நடக்கும் என்பது புரியாமலா போகும்? சுவரிலிருந்த ஒரு ஸ்வஸ்திகாவை யாரோ சாக்குக் கட்டியால் குறுக்கே கிழித்திருந்ததைப் பார்த்துத்தான் தனக்கு யோசனை பிறந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். அந்தக் கோட்டை மூன்று அம்புகளாக்கினார். கரித்துண்டு இருந்தால் போதும், எந்தச் சிறுவனும் ஒரு நொடியில் போட்டுவிட்டு ஓடலாம். மேலே ஸ்வஸ்திகா போட்டு அதை அழிக்க முடியாது. கூடவே உயர்த்திய முஷ்டி, ‘விடுதலை’ என்ற வாழ்த்து. 1932 ஜூனில் ஹெஸ்ஸெ தேர்தலில் சோதித்துப் பார்த்தார்கள். ஊர்வலங்களில் உயிர் வந்தது. பெர்லின் தலைமைக்கோ ஆரம்பத்தில் இது கட்சிக் கௌரவத்துக்குப் பொருந்தாத கோமாளித்தனமாகப் பட்டது. ஜூலைத் தேர்தல் வாசலுக்கு வந்த பிறகுதான் மூன்று அம்புகளுக்கு நாடு தழுவிய அனுமதி கிடைத்தது.

சின்னத்தைவிடப் பெரிய விஷயம் சோறு. 1932 தொடக்கத்தில் பதிவு செய்த வேலையற்றோர் மட்டும் 60 லட்சத்தைத் தாண்டினார்கள். தொழிற்சங்கத்துக்காரர்கள் வொய்டின்ஸ்கி, டார்னோவ், கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் பாடே மூவரும் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள்: அரசு கடன் வாங்கிப் பொதுப்பணிகளைத் தொடங்கி பத்து லட்சம் பேருக்கு வேலை கொடுக்கட்டும். ஏப்ரலில் சங்க மாநாடு அதை ஏற்றது. கட்சியின் பொருளாதார மேதை ஹில்ஃபர்டிங் ஏற்கவில்லை. பணவீக்கம் வரும், மார்க்சியத்துக்கும் ஒவ்வாது என்றார். 1923-இல் கூடை நிறையப் பணம் கொண்டுபோய் ரொட்டி வாங்கியதைப் பார்த்தவர், இரண்டு முறை நிதி அமைச்சராக இருந்தவர். அவருடைய பயம் புரியாதது இல்லை. ஆனால் மே 10 அன்று நாடாளுமன்றத்தில் எழுந்து வேலை கொடு, பொதுப்பணி தொடங்கு என்று முழங்கியவர் நாஜித் தலைவர் கிரெகோர் ஷ்ட்ராஸர். சங்கத்துக்காரன் எழுதிய திட்டத்தைக் கட்சி மடித்து வைத்தது; அந்தக் கோரிக்கையை எதிரி எடுத்துக்கொண்டான். இந்தத் தொடரில் நான் எழுதிய தவறுகளிலேயே மன்னிக்க முடியாதது இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதற்கிடையே குடியரசுத் தலைவர் தேர்தல். ஹிட்லரைத் தடுக்க 84 வயது ஹிண்டன்பர்க்குக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கட்சி கேட்டது. மன்னராட்சிக்காரர், தளபதி, ஏழாண்டுக்கு முன் இதே கட்சி எதிர்த்து நின்ற ஆள். தொண்டர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போட்டார்கள். ஏப்ரல் 10 இரண்டாம் சுற்றில் அவருக்கு 53 சதவீதம், ஹிட்லருக்கு 36.8. ஏழு வாரத்தில் கிழவர் ப்ரூனிங்கை விரட்டினார். இன்னும் ஏழு வாரத்தில், தான் ஓட்டு வாங்கிய கட்சியின் பிரஷ்ய ஆட்சியைக் கலைத்தார்.

ஆக, ஜூலை 20-க்கு வருகிறோம். அன்று கூடிப் பேசிய கட்சி, சங்கத் தலைவர்கள் சொன்ன காரணங்கள் அற்பமானவை இல்லை. வாசலில் லட்சக்கணக்கானோர் வேலைக்கு நிற்கும்போது யார் வேலைநிறுத்தம் செய்வார்கள்? பெர்லினில் நெருக்கடிநிலை; ஜெனரல் ருண்ட்ஷ்டெட் கையில் அதிகாரம். போலீஸ் ராணுவத்தைச் சுடுமா? பழுப்புச் சட்டைப் படையே நான்கு லட்சம். ஏப்ரலில் நடந்த பிரஷ்யத் தேர்தலில் கட்சி 137 இடத்திலிருந்து 94-க்கு விழுந்திருந்தது. பிரவுன் பெரும்பான்மை இல்லாத காபந்து முதலமைச்சர், அதுவும் ஜூன் முதல் உடல்நலமில்லாமல் விடுப்பில். 1920-இல் சதி செய்தவர்கள் சட்டத்துக்கு வெளியே இருந்தார்கள். இப்போது ஆணையில் இருப்பது தாங்களே தேர்ந்தெடுத்த குடியரசுத் தலைவரின் கையெழுத்து. கம்யூனிஸ்டுகள் அன்று வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது உண்மை. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் நாஜிகளோடு சேர்ந்து இதே பிரஷ்ய அரசைக் கவிழ்க்கப் பொதுவாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்களும் அவர்களே. அவர்கள் அழைப்பை யார் நம்புவது?

வரலாற்றாசிரியர்கள் இன்னும் இதில் இரண்டு கட்சி. அடையாளத்துக்காவது எதிர்த்திருக்க வேண்டும் என்பவர்களில் பிராஹர் முக்கியமானவர். உள்நாட்டுப் போரில் தோற்றுத்தான் போயிருப்பார்கள் என்று தலைமையின் நிலையைப் புரிந்துகொள்ளச் சொல்கிறவர் விங்க்லர். தோற்றிருப்பார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைமை ஜூலை 16 அன்றே, எது நடந்தாலும் சட்டத்தின் தளத்தை விட்டு இறங்குவதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. அடி விழுவதற்கு நான்கு நாள் முன்பே கையைக் கட்டிக்கொண்டு, அதைக் கீழே நிற்பவனுக்குச் சொல்லவும் இல்லை. இரும்பு முன்னணி என்ற அமைப்பில் ஏழு மாதமாகப் பயிற்சி கொடுத்து, உத்தரவு வந்தால் தயார் என்று சத்தியம் வாங்கி வைத்திருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அன்று கிடைத்த உத்தரவு: கட்டுப்பாடு காக்கவும், 31-ஆம் தேதி தேர்தலில் பதில் சொல்லவும். சொன்னார்கள். நாஜிகளுக்கு 230 இடம், சமூக ஜனநாயகக் கட்சிக்கு 133.

பிரவுன் அரசு வழக்குப் போட்டது. லைப்ஸிகில் அரசியல் சாசன நீதிமன்றம். மத்திய அரசுக்காக கார்ல் ஷ்மிட், எதிர்ப் பக்கம் ஹெர்மன் ஹெல்லர், அர்னால்ட் பிரெஹ்ட் என்று நாட்டின் சட்ட மேதைகள் எல்லாரும். அக்டோபர் 25-இல் தீர்ப்பு வந்தது: பிரவுன் அரசு தன் கடமையில் தவறவில்லை, மேலவையில் பிரஷ்யாவின் பிரதிநிதியும் அதுவே; நிர்வாகமும் போலீஸும் மட்டும் பாப்பென் பக்கமே இருக்கட்டும். வென்றவர்களுக்குக் கையில் ஒரு தீர்ப்பு மிஞ்சியது. நவம்பர் தேர்தலில் நாஜிகள் 34 இடம் இழந்ததும், காத்திருந்தது வீண்போகவில்லை என்று தலைமை நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் சான்சலர். மறுநாள் கட்சிக் குழுவில் பிரைட்ஷைட் பேசினார்: ஹிட்லர் சாசனத்தின்படி நடக்கிற வரைக்கும், அது பாசாங்காகவே இருந்தாலும், நாம் அதை மீறி அவருக்குச் சாக்குக் கொடுக்கக் கூடாது, மீறினால் பார்ப்போம், தயாராக இருப்போம். நாடு முழுக்க அதே காத்திருப்பு.

ஒரே ஓர் ஊர் காத்திருக்கவில்லை. வ்யூர்டம்பெர்க்கில் மோஸிங்கன் என்ற நெசவாலை ஊர். சுமார் நான்காயிரம் பேர். ஜனவரி 31 மதியம், கம்யூனிஸ்டுகளின் வேலைநிறுத்தத் துண்டறிக்கையை நம்பி அங்கே ஊர்வலம் கிளம்பியது. பௌஸா துணி ஆலையின் தொழிலாளர்கள் வாக்கெடுத்து வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அங்கிருந்து அடுத்த ஆலை, அதற்கடுத்த ஆலை. சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்களும் சேர எண்ணூறு பேர் வரை ஆயிற்று. ஜெர்மனி முழுக்க இதுவே நடக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள். ரொய்ட்லிங்கனிலிருந்து போலீஸ் வண்டிகள் வந்தபோதுதான் தாங்கள் தனி என்று தெரிந்தது. வழக்கும் சிறையும் கிடைத்தன. போர் முடிந்து வெகுகாலம் வரை அந்த ஊரிலேயே பலர் அவர்களை அசட்டுக் கலகக்காரர்களாகத்தான் பேசினார்கள்.

பிப்ரவரி 22 அன்று, பிரஷ்ய உள்துறையில் உட்கார்ந்த கோரிங், பழுப்புச் சட்டைக்காரர்களையும் கூட்டாளிகளையும் சேர்த்து 50,000 பேரைத் துணைப் போலீஸ் ஆக்கினார். ஜூலையில் பத்திரமாகக் கைமாற்றிக் கொடுத்த இயந்திரம் நன்றாகவே ஓடியது. மார்ச் 5 தேர்தலுக்கு முன்பே பிரவுன் ஸ்விட்சர்லாந்துக்குப் போய்விட்டார்.

மார்ச் 23-ஐ இந்தக் கட்சியின் கணக்கில் எழுதாமல் விடுவது அநியாயம். ஹிட்லருக்கு முழு அதிகாரம் கொடுக்கும் சட்டம். க்ரோல் இசையரங்கில் சபை. நடைவழியெல்லாம் பழுப்புச் சட்டைகள். கட்சியின் 120 பேரில் 26 பேர் சிறையிலோ தலைமறைவிலோ. லேபரை அரங்குக்கு வரும் வழியிலேயே பிடித்துப்போனார்கள். ஓட்டோ வெல்ஸ் எழுந்து, “எங்கள் விடுதலையையும் உயிரையும் பறிக்கலாம்; மானத்தைப் பறிக்க முடியாது” என்று அந்த மிருகங்களின் முகத்துக்கு நேரே சொன்னார். வந்திருந்த 94 பேரும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். சபையில் இருந்த மற்ற எல்லாக் கட்சிகளும் ஆதரித்தன: 444. அந்த மானம் பொய் இல்லை. ஆனால் அந்தப் பேச்சைப் பேச ஏற்ற காலம் ஒன்று இருந்தது. அப்போது 90,000 போலீஸ்காரர்கள் கூடவே இருந்தார்கள்.

பிறகும் சரிவு நிற்கவில்லை. தொழிற்சங்கத் தலைமை, சங்கத்தையாவது காப்போம் என்று, ஹிட்லரின் மே தின விழாவில் கலந்துகொள்ளச் சொல்லி உறுப்பினர்களுக்கு அறிவித்தது. மறுநாள், மே 2 காலை பத்து மணிக்கு, எல்லாச் சங்கக் கட்டடங்களும் பறிபோயின. மே 10 அன்று கட்சியின் சொத்து முழுதும் பறிமுதல். எதைக் காப்பதற்காக இரண்டரை ஆண்டு பொறுத்தார்களோ, அந்தக் கட்டடங்களும் அச்சகங்களும் நாளிதழ்களும் போராடித் தோற்றிருந்தால் போயிருக்கக்கூடிய அளவுக்கே போயின.

மே 17. ஹிட்லரின் வெளியுறவு அறிக்கையை ஆதரிக்க வேண்டுமா? முகாம்களில் இருக்கும் தோழர்களின் உயிரைக் காட்டி உள்துறை அமைச்சர் ஃபிரிக் மிரட்டினார். கட்சிக் கூட்டத்தில் 48 பேர் ஆதரிப்போம் என்றார்கள், 17 பேர் கூடாது என்றார்கள். கூடாது என்ற பக்கம் ஷூமாகர். மியூனிக்கின் டோனி ஃப்யூல்ஃப், ஆசிரியையாக இருந்து உறுப்பினரானவர், சகாக்களை மன்றாடிப் பார்த்தார். பலிக்கவில்லை, சபைக்குப் போக மறுத்தார். மற்றவர்கள் போய் எழுந்து நின்று நாஜிகளோடு சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள். ஜூன் 8 அன்று ஃப்யூல்ஃப் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஜூன் 19 அன்று பெர்லினில் பவுல் லோபெ தலைமையில் எஞ்சியிருந்தவர்கள் கூடினார்கள். நாட்டை விட்டுப் போய்ப் பிராகில் இருந்து எழுதிக்கொண்டிருந்த வெல்ஸ் குழுவுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். புதிய நிர்வாகக் குழு தேர்ந்தெடுத்தார்கள். அதில் யூதர் ஒருவர்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். மூன்று நாள் கழித்து, ஜூன் 22-ஆம் தேதி, தேசத்துக்கும் மக்களுக்கும் விரோதமான அமைப்பு என்று சொல்லிக் கட்சியை ஃபிரிக் தடை செய்தார். அதே வாரம் பெர்லினின் கோப்பெனிக் பகுதியில் பழுப்புச் சட்டைக்காரர்கள் வீடு வீடாகப் புகுந்து கொன்றவர்களில் கட்சியின் மேல்நிலைத் தலைவர் யோஹனஸ் ஷ்டெல்லிங்கும் ஒருவர்.

லேபர் சிறையில் உட்கார்ந்து, தன் கட்சியின் மரணத்துக்கான காரணங்களை எழுதத் தொடங்கியிருந்தார். அவருடைய பழைய சீடன் அதற்குள் மீன்பிடிப் படகேறி டென்மார்க் வழியாக நார்வே போய்ச் சேர்ந்துவிட்டான்.

இவ்வளவும் படித்துவிட்டு, அப்படியானால் கம்யூனிஸ்டுகள்தான் சரியாக இருந்தார்களோ என்று கேட்கத் தோன்றும். சமூக ஜனநாயகக் கட்சியைச் ‘சமூக பாசிஸ்டுகள்’ என்று மாஸ்கோவின் சொல்லைக் கேட்டு ஏசிக்கொண்டிருந்த அவர்களின் கணக்கை அடுத்த வாரம் எடுப்போம். அது இதைவிடச் சுத்தமான கணக்கு இல்லை.